எழுபத்தோரு டிகிரியில் வளைந்த கைப்பிடி பற்றிச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மருமகளைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் சௌக்கியம். என் வீட்டுக்காரரும் சௌக்கியம், உங்களுக்குப் பயந்து கொஞ்சம் இளைத்திருக்கிறார், அவ்வளவுதான். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளையும், என் மகளும், பாப்பாவும் சுகமாயிருக்க மனதார விரும்புகிறேன். தங்கள் கால் பெருவிரல் கொப்புளம் ஆறிவிட்டதா என்று தனியாகவும் விசாரிக்கிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி விஷயம்.

சொந்தக்காரர்கள் முன்னால் உங்களைப் பிடித்துத் தள்ளியதற்கு நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கும்வரை உங்கள் வீட்டுப் படியேறக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். எழுத்துதானே வேண்டும்? இதோ எழுத்து. மன்னிப்பு மட்டும் இதில் இருக்காது.

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லோரிடமும் நடுவிலிருந்து சொல்லிவருவதாகக் கேள்வி. உங்கள் கம்பெனியின் புது நீலக் கெட்டிலை விற்க வேண்டுமானால் எங்கள் ஆய்வகத்தின் சான்றிதழ் வேண்டும் என்று அந்தப் பெரிய கடைக்காரர்கள் கேட்டார்கள். சரக்கு வந்து இறங்கிய அன்றே நான் மேலாளரிடம், "சார், இது எங்க சம்பந்தி வீட்டுச் சாமான், நான் தொடமாட்டேன்" என்று சொல்லி, பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் சோதித்தார். கைப்பிடி பிளாஸ்டிக் எழுபத்தோரு டிகிரியில் வளைந்துவிட்டது. தண்ணீர் கொதிப்பது நூறில். இதற்குமேல் பேச என்ன இருக்கிறது? ஆனாலும் நீங்கள் பேசினீர்கள். பக்கத்து மேசைக்காரருக்கு உங்கள் மேல் பொறாமை என்றீர்கள் (அவர் உங்களைப் பார்த்ததே இல்லை). "எங்க சம்பந்தி கையால செஞ்சா ஒத்துக்கறேன்" என்று மேலாளரிடம் அடம்பிடித்து என்னை நீங்களே கேட்டு வாங்கினீர்கள். அதை மறக்க வேண்டாம்.

பிறகு பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்று கணக்கரையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினீர்கள். எங்கள் கருவி ஒன்றும் மந்திரப் பெட்டி இல்லை. ஒரு தொட்டி நிறைய எண்ணெய். எண்ணெய்க்குள் இரண்டு தாங்கிகள், அவற்றின் மேல் உங்கள் கைப்பிடி எதில் வார்க்கப்பட்டதோ அதே பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை, பட்டையின் நடுவில் எடை, எடைக்கு மேலே முள் வைத்த மானி. எண்ணெய் நிதானமாகச் சூடேறும், பட்டை இளகும், மயிரிழை தொய்ந்தால்கூட முள் நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும், அப்போது எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொள்வோம். இதைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது என்ன? "எண்ணெயில போட்டு வறுத்தா எதுதான் தாங்கும்? ஜனங்க கெட்டில்ல தண்ணி சுடவைப்பாங்களா, இல்ல கைப்பிடியைப் பொரிச்சுச் சாப்பிடுவாங்களா?"

"சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவத்தான் எண்ணெய், சம்பந்தி" என்றேன்.

"சரி, எடை எதுக்கு? எங்க கைப்பிடி மேல யாரு ஏறி உக்காரப் போறாங்க?"

"தண்ணி உக்காரும்" என்றேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டு உங்களைப் பார்த்ததும் இருமினார். நீங்கள் கோபத்தில் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தீர்கள், மூக்குக்கண்ணாடி உள்ளே விழுந்தது. இடுக்கியால் எடுத்துக் கொடுத்தேன். துடைக்கக்கூட விடாமல் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, எண்ணெய் வழியும் கண்ணாடி வழியே மானியைப் பார்த்து, "முள்ளு நகரவே இல்லையே!" என்று அறிவித்தீர்கள். கணக்கரும் நகரவில்லை என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து மானியின் முதுகுதான் தெரியும். முள் நகர்ந்தது, சம்பந்தி. எழுபத்தொன்று. என் கையாலும் எழுபத்தொன்று.

அன்று தொடங்கியது எனக்கு ஏழரை. சம்பந்தியம்மாள் போன் செய்து பத்து நிமிஷம் மூச்சு மட்டும் விட்டார்கள். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "ஒரு முப்பது டிகிரி கூட்டிப் போட்டா குடியா முழுகிப்போயிடும்? நம்ம பொண்ணு வாழற வீடு" என்றார். கொசுறு போட இதென்ன காய்கறிக் கடையா என்று கேட்டேன். என் மகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேசினாள்: "அம்மா, நீ எதையும் மாத்தி எழுதாதே. ஆனா மாமா கேட்டா, நான் உன்னை மாத்தச் சொல்லிக் கெஞ்சினேன்னு சொல்லிடு." இப்போது அதையும் எழுதிவிட்டேன். போகட்டும். அவள்மேல் கோபப்பட்டீர்களானால் அடுத்த கடிதம் இதைவிட நீளமாக இருக்கும்.

எதிலும் நான் மசியவில்லை என்றதும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் கூடத்தில் சபை கூட்டினீர்கள். உங்கள் அண்ணன், மச்சினர்கள், என் வீட்டுக்காரர் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, "என் கெட்டில் என்னன்னு எல்லாரும் பாருங்க, சம்பந்தியும் பாக்கட்டும்" என்று தண்ணீரைக் கொதிக்கவிட்டு நீங்களே எல்லோருக்கும் தேநீர் ஊற்றினீர்கள். கைப்பிடி ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார், அதை நான் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான்தான் தலைகுனிந்து திரும்பியிருப்பேன். நீங்கள் நிறுத்தவில்லை. மறுபடி நிரப்பிக் கொதிக்கவிட்டீர்கள், அதற்குப் பிறகும் ஒரு தடவை. மூடியிலிருந்து ஆவி நேராகக் கைப்பிடியின் அடியில்தான் அடிக்கிறது என்று சொன்னேன். "சம்பந்தியம்மா, இது உங்க லேப் இல்ல, என் வீடு" என்றீர்கள். பிறகு நிறைகெட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாமல் தொடங்கி இந்தக் கம்பெனியை எப்படி வளர்த்தீர்கள் என்று பேச ஆரம்பித்தீர்கள். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நான் கைப்பிடியைப் பார்த்தேன். முப்பது வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு மானி வேண்டாம். அது தொய்ந்தது. கெட்டிலின் மூக்கு மெல்லக் குனிந்தது. பாப்பா உங்கள் காலடியில், வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, தூக்கு" என்று நின்றுகொண்டிருந்தாள்.

தள்ளினேன். இரண்டு கையாலும், நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். நீங்கள் சோபாவில் விழுந்தீர்கள், கெட்டில் விழுந்து கம்பளம் முழுக்க ஆவி பறந்தது, உங்கள் பெருவிரலில் பட்டது. பாப்பா நின்ற இடத்தில்தான் தண்ணீர் முழுவதும் கொட்டியது. பாப்பா அங்கே இல்லை. தள்ளிய கையாலேயே வாரியெடுத்ததில் என் இடுப்பில் இருந்தாள். அப்போதும் உங்கள் அண்ணன், "பொம்பளை கைவச்சுட்டாளே!" என்றார். ஆமாம், வைத்தேன். சம்பந்தி என்ற மரியாதை, பெண்ணைக் கொடுத்தவள் என்ற பயம் எல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் கொதிக்கிற தண்ணீருக்கு யார் பிள்ளை வீட்டார், யார் பெண் வீட்டார் என்று தெரியாது. மறுபடி அந்தக் கெட்டிலைத் தூக்கினால் மறுபடி தள்ளுவேன். எந்தக் கடையிலிருந்து குழந்தை இருக்கும் எந்த வீட்டுக்கு அது போனாலும் போய்த் தள்ள என்னால் முடியாது, அதனால்தான் சான்றிதழில் எழுபத்தொன்று என்று இருக்கும். எழுபத்திரண்டு என்றுகூட இருக்காது. உங்கள் படியேற வேண்டாம் என்றால் ஏறவில்லை. பாப்பாவை மகள் இங்கே கூட்டிவருவாள். எங்கள் வீட்டுக்கும் படி இருக்கிறது.

குடும்பத்தார் அனைவரும் நோய்நொடியில்லாமல் பல்லாண்டு நல்லபடி இருக்க வேண்டுகிறேன். அண்ணனை மட்டும் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்காத சம்பந்தி

பி.கு.: இதை உறையின் முதுகில் எழுதுகிறேன், கடிதத்தை உள்ளே போட்டு ஒட்டியாகிவிட்டது. தபால்தலை ஒட்டும்போது எங்கள் ஆய்வக வாசலில் உங்கள் கார் வந்து நின்றது. இப்போது எனக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, சான்றிதழ்தான் எழுதுகிறேன் என்று நினைத்துப் பவ்யமாகக் காத்திருக்கிறீர்கள். "நீலத்தை நிறுத்திட்டேன் சம்பந்தி. நேத்து இன்னொரு கெட்டிலை எடுத்தேன், பாப்பா சோபாவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிச்சு. கூப்பிட்டாலும் வரலை" என்றீர்கள். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். நானும் என்னை அறியாமல், "தள்ளினதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். நீங்கள் பையிலிருந்து புதுப் பட்டைகளை எடுத்து மேசையில் அடுக்கினீர்கள். இந்தத் தடவை பக்கத்து மேசைக்காரரே செய்யட்டும் என்று நீங்களே சொன்னீர்கள். கறுப்புப் பட்டை எண்பத்தெட்டில் வளைந்துவிட்டது. வாயைத் திறப்பீர்கள் என்று காத்திருந்தேன். "அடுத்ததைப் போடுங்க" என்றீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு நாங்கள் வருகிறோம். தபால்தலையை வீணாக்க மனமில்லாததால் இதை அனுப்பிவிடுகிறேன், வந்ததும் தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.