ஒரு வாளி மணலும் ஊதிப்போன பேட்டரியும்

ஆப்பம் மாதிரி ஊதிப்போயிருந்த கைப்பேசி பேட்டரியை இடுக்கியில் பிடித்தபடி முலோந்தோ பத்து நிமிடமாக முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். தலையில் மஞ்சள் தொப்பி, கண்ணுக்குப் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் உறை, மூக்கைச் சுற்றி மனைவியின் பூப்போட்ட தலைத்துணி. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அதைக் குப்பையில வீசிட்டு வந்து பந்தல்காரனுக்கு ஒரு பதில் சொல்லுங்க நம்பூசோ அப்பா," என்றாள் அவர் மனைவி நல்வாதா.

குப்பை என்பது முற்றத்து மூலையில் குவிந்திருந்த வாழைச்சருகு. சாயங்காலம் நல்வாதா அதற்குத் தீ வைப்பாள். அவர்கள் ஊரான மசாகாவில் எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம்.

"நெருப்புல இது விழுந்தா வெடிக்கும். தெரியுமா உனக்கு?"

"இருபத்தஞ்சு வருஷமா கொளுத்துறேன். நீங்க ஒருத்தர்தான் வெடிக்கிறீங்க."

முலோந்தோ ஒரு பள்ளிக்கூடத்தில் சாமான் அறைப் பொறுப்பாளர். இரண்டு வாரத்துக்கு முன் தீயணைப்புக்காரர்கள் வந்து அங்கே ஒருநாள் வகுப்பு எடுத்தார்கள். மற்றவர்கள் சமோசாவையும் சோடாவையும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். முலோந்தோ மட்டும் பயந்துபோய்த் திரும்பினார். பழைய பேட்டரிகளை ஒன்றோடொன்று உரசும்படி போட்டு வைக்கக் கூடாது, முனைகளில் டேப் ஒட்ட வேண்டும், ஊதிப்போனதைத் தனியாக மணலில் வைக்க வேண்டும், குப்பையில் போடவே கூடாது. அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை.

அதுவும் இந்த வாரம் பார்த்து. சனிக்கிழமை மகள் நம்பூசோவின் குவாஞ்சுலா. மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேர் சீர்வரிசையோடு வந்து, முறைப்படி தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு பெண் கேட்பார்கள். அன்றைக்கு மட்டும் வீட்டில் ஒரு பொறி பறந்துவிட்டால்? பெண்ணுக்கு ராசியில்லை என்று சொல்லி அறுபது பேரும் வந்த வழியே போய்விடுவார்கள். ஒரே பெண்.

பந்தல்காரன் குழி மூட வைத்திருந்த மணலில் ஒரு வாளியை எடுத்து அதில் பேட்டரியைப் புதைத்தார். மணல் குறைந்ததால் ஒரு கம்பம் சாய்ந்தது. பந்தல்காரன் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மணலைத் தட்டிவிட்டு நிமிரும்போது மேசை இழுப்பறையின் நினைவு வந்தது. டார்ச் பேட்டரி, ரேடியோ பேட்டரி, ரிமோட் பேட்டரி என்று நாற்பத்தொன்று அதில் சாவிக்கொத்தோடு உருண்டுகொண்டிருந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டினார். வீட்டு டேப் தீர்ந்ததும் மணப்பெண் மேடைக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளி டேப்பை எடுத்தார். மேடை மொட்டையாக நின்றது. நம்பூசோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஒட்டியாயிற்று, வைப்பது எங்கே? சாமான் அறையில் கரி மூட்டை. கட்டிலடியில் வைக்கலாம் என்றால், விழாவுக்காக முன்கூட்டியே வந்து அந்தக் கட்டிலைப் பிடித்திருந்த அவருடைய அக்கா பேனினா, பேட்டரி மேலே படுக்க நான் என்ன ரேடியோவா என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் அவரை மரியாதையாக உட்கார வைத்து எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து மேலும் ஒன்பது ஊதிப்போன பேட்டரிகளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு ஐயா. உங்க மாதிரி விவரம் தெரிஞ்சவர்கிட்ட இருந்தா நல்லது."

புதன்கிழமை நகராட்சி அலுவலகம். இப்படிப் பொறுப்போடு வந்து கேட்ட முதல் குடிமகன் நீங்கள்தான் என்று குமாஸ்தா எழுந்து நின்று கை குலுக்கினார். பேட்டரியை வாங்கிவைக்கப் பெட்டி ஏதும் இல்லை, ஆனால் நகராட்சி சும்மா இருக்காது, இன்றைக்கே நடவடிக்கை எடுக்கிறோம் என்றார்.

எடுத்தார்கள். சந்தையில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி அன்று மத்தியானமே அலறியது. காணாமல்போன ஆட்டுக்கும் மரண அறிவிப்புக்கும் நடுவே, வீட்டில் பழைய பேட்டரி வைத்திருப்போர் அதை எரிக்காமல் திருவாளர் முலோந்தோவிடம் ஒப்படைக்கவும் என்று மூன்று முறை சொன்னார்கள். வீட்டுக்கு வழியும் சொன்னார்கள்.

பிறகு கேட்பானேன். தண்ணீர்க் கேனை வெட்டி அதில் போட்டுக் கொண்டுவந்தவர்கள் சிலர், பாவாடை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் சிலர். எதிர்வீட்டு கிகுண்டு மோட்டார் சைக்கிள் பேட்டரியைத் தோளில் சுமந்து வந்து, நல்லா பத்திரமா வையுங்க என்று புத்தி வேறு சொல்லிவிட்டுப் போனார். முலோந்தோ யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் எரித்துவிடுவார்களே என்ற கவலை. வியாழக்கிழமை இரவு அவர் வீட்டு முற்றத்தில் பதினோரு கேன்கள், ஐந்து வாளி மணல், ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி. பந்தல் போட இடமில்லை.

நல்வாதா அன்று கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"சனிக்கிழமை காலையில இந்த வாசல்ல ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்றாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல ஒரு பேட்டரி பட்டாலும் நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் பொண்ணை நீங்களும் உங்க பேட்டரியும் சேர்ந்து கட்டிக்குடுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் முலோந்தோ தொப்பி, கண்ணாடி, தலைத்துணி சகிதம் எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார். போனவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஒரு லாரிக்காரர் கடை கடையாக, பழைய பேட்டரி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முலோந்தோ ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எரிக்க மாட்டீர்களே, ஆற்றில் கொட்ட மாட்டீர்களே என்று துணிக்குள்ளிருந்து நாலு தடவை கேட்டார்.

"அதுக்கெல்லாம் இல்லைங்க. அருமை தெரிஞ்ச ஒரு பெரிய மனுஷர் வீட்டுக்குப் போய்ச் சேரும்," என்றார் லாரிக்காரர்.

முலோந்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. தானே கேன்களை ஏற்றினார். உருளாமல் இருக்க நடுவே மணல் வாளிகளை அடுக்கிக் கொடுத்தார். லாரிக்காரர் மனம் மாறிவிடக் கூடாதே என்று ஒரு தார் மத்தோக்கே வாழைக்காயையும் வாங்கி அவர் மடியில் வைத்தார். அன்றிரவு இரண்டு வாரத்துக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார்.

சனிக்கிழமை பந்தல் நிமிர்ந்து நின்றது. வெள்ளைக் கன்சு அங்கியும் கறுப்புக் கோட்டுமாக முலோந்தோ முன்வரிசையில் உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா அன்றைக்கு வாய் திறக்கக் கூடாது. இரண்டு தரப்புக்கும் பேச்சாளர்கள் உண்டு, எல்லாவற்றையும் அவர்கள் பேசுவார்கள். பெண் வீட்டார் கொடுத்த பட்டியலில் உள்ள சாமான் எது வந்தாலும் தலையசைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றைத் தள்ளினாலும் மாப்பிள்ளையையே தள்ளிய மாதிரி.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தலையில் கூடைகளோடு வரிசையாக வந்து மண்டியிட்டார்கள். சர்க்கரை, உப்பு, இறைச்சி, புடவைக்கட்டு. முலோந்தோ ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். நல்வாதா இந்த வாரத்தில் முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இனி கடைசிச் சாமான்," என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "மாமனாருக்கு மனசுக்குப் பிடிச்சது என்னன்னு பெண்ணோட அத்தைகிட்டக் கேட்டுவிட்டோம். அவங்க சொன்னதைப் பட்டியல்ல எழுதிக்கிட்டோம். ஏன் எதுக்குன்னு நாங்க கேக்கலை, கேக்கவும் மாட்டோம். பழைய பேட்டரி."

எல்லாரும் பேனினாவைப் பார்த்தார்கள். பேனினா, வெறுப்பில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னேன், அதை இப்படி எழுதிக்கொள்வார்கள் என்று யார் கண்டது என்று பக்கத்திலிருந்தவளின் காதில் முணுமுணுத்தாள்.

ஆறு ஆண்கள் மூச்சு வாங்க எதையெதையோ சுமந்து வந்து லேஸ் துணி போர்த்தி முலோந்தோவின் காலடியில் வைத்தார்கள். நம்பூசோ கெஞ்சுகிற கண்ணோடு அப்பாவைப் பார்த்தாள். முலோந்தோ ஒருமுறை மனைவியைப் பார்த்தார், ஒருமுறை மகளைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். பந்தலில் கைதட்டல் ஓயவே இல்லை.

பெண் வீட்டுப் பேச்சாளருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவ்வளவையும் ஒரே வாரத்தில் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளரின் பின்னாலிருந்து, மாப்பிள்ளையின் சித்தப்பா புதுக் கன்சு அங்கியோடு எழுந்தார். லாரி ஓட்டுகிறவராம்.

"மூணு ஊர் அலைஞ்சும் ஒரு கூடை தேறலைங்க. நல்லவேளை, நேத்து உங்க ஊர் சந்தையிலயே, கண்ணாடி போட்டு மூக்குல பொம்பளைத் துணி கட்டின ஒரு பைத்தியம் ஆப்பிட்டுச்சு. அத்தனையையும் தானே ஏத்திவிட்டு, மணலும் போட்டு, எப்படியாவது கொண்டுபோய்ச் சேத்துடுங்கன்னு கையைப் பிடிச்சு அழுது, ஒரு தார் வாழைக்காயும் குடுத்துச்சு."