நாற்பத்தோராம் இடத்துக்காரர்

உலகத்தில் தகுதி உள்ளவர்கள், தகுதி இல்லாதவர்கள் என்று இரண்டே இனம்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அடுத்தவருக்குத் தகுதி உண்டா என்று பார்க்கிற இனம்.

இவர்களை அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் நாம் தேதியைப் பார்ப்போம், மண்டபம் எங்கே என்று பார்ப்போம், இவர்கள் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பார்த்துவிட்டு, “காலேஜுக்குப் போய்ப் படிச்சதா, தபால்ல படிச்சதா?” என்பார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போனாலும், அவர் படுக்கச் சொன்னதும் படுத்து, படுத்தபடியே சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை ஆண்டு, முத்திரை, துணைவேந்தர் கையெழுத்து உட்பட வாசித்து முடித்த பிறகுதான் எங்கே வலிக்கிறது என்று வாய் திறப்பார்கள். பெற்ற மகள் ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசோடு வந்து நின்றால், “மொத்தம் எத்தனை பேரும்மா ஓடினீங்க?”

குறை மட்டும் சொல்லமாட்டார்கள். “நான் குறை சொல்லலைங்க, சும்மா கேக்கறேன்.” கேட்பதில் என்ன தப்பு?

இந்த இனம் கொழுத்துத் திரிவதைப் பார்க்க வேண்டுமானால், அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்குத் தற்காலிகப் பட்டியல் ஒட்டுகிற நாளில் போக வேண்டும். தேறியவர்கள் தங்கள் பெயரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்வார்கள். தேறாதவர்கள் பேசாமல் போய்விடுவார்கள். மூன்றாவது இனத்தார் அங்கேயே நின்று, பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் படிப்பார்கள்: ‘ஆட்சேபணை ஏதுமிருப்பின் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கலாம்.’

நம் ஆட்சேபணையாரும் அப்படித்தான் நின்றார். தனிப்பயிற்சி நிலையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், வயது முப்பத்தொன்பதரை. நாற்பதுக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது என்பதால் இதுதான் கடைசி வாய்ப்பு. காலி இடங்கள் முப்பத்தெட்டு. பட்டியலில் அவர் நாற்பத்தொன்று. அவருடைய சான்றிதழ்களில் நீங்கள் எந்தப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு குறை காண முடியாது. மதிப்பெண்ணில்தான் கொஞ்சம் குறை.

மூன்று பேர் இறங்கினால் போதும். என்ன பெரிய கணக்கு?

ஒரு வாரத்தில் இரண்டு பேரை இறக்கிவிட்டார். பன்னிரண்டாம் இடத்துக்காரர் படித்தது கணிதம் அல்ல, பயன்பாட்டுக் கணிதம். அது கணிதத்துக்கு இணை என்று எந்த ஆணையும் சொல்லவில்லை. இருபத்தாறாம் இடத்துக்காரர் ஒரே ஆண்டில் இரண்டு படிப்புப் படித்திருக்கிறார். ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் உட்கார முடியுமா? இரண்டு மனுவையும் எழுதியவர் இவர். மற்றவர்கள் படிக்கும்படி அதைத் தன் கையெழுத்தில் திருப்பி எழுதிக் கொடுத்தவர் இவருடைய மனைவி. தனியார் பள்ளியில் தற்காலிகக் கணக்கு ஆசிரியை. அதே பட்டியலில் முப்பதாம் இடம்.

“பாவங்க அந்த ஆளு. இவ்வளவு மார்க் வாங்கியிருக்காரு” என்றார் மனைவி, இரண்டாவது மனுவை எழுதி முடித்து.

“மார்க் யார் வேணும்னாலும் வாங்கலாம். தகுதி வேணுமில்ல?”

இப்போது அவர் முப்பத்தொன்பது. இன்னும் ஒரே ஒருவர். மீதி முப்பத்தெட்டுப் பேரின் விவரங்களையும் மேசையில் பரப்பி, பச்சை நிறத்தில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு என்று நான்கு நாள் சலித்தார். எல்லாரும் ஒழுங்காகப் படித்துத் தொலைத்திருந்தார்கள். மனிதர்கள் இவ்வளவு கெட்டுப்போவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான், ஒருத்தரைத் தான் இன்னும் சரியாகச் சோதிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அந்த ஒருத்தர் சமையலறையில் டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பட்டப் படிப்பை முடித்த பிறகே ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. மனைவியோ, பட்டத்தில் ஒரு தாள் பாக்கி வைத்துக்கொண்டு ஜூனில் பயிற்சியில் சேர்ந்து, நவம்பரில் அந்தத் தாளை எழுதித் தேறியவர். இது ஆட்சேபணையாருக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். கல்யாணம் ஆனதே அந்தப் பாடத்தால்தான்.

அன்று மாலை மெதுவாக ஆரம்பித்தார்.

“நான் ஆட்சேபணை சொல்லலைம்மா. விளக்கம் கேக்கலாமான்னு யோசிக்கிறேன்.”

“யாரைப் பத்தி?”

“முப்பதாம் நம்பர்.”

மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனா நின்றது.

“என்னையா?”

“உன்னைன்னு ஏன் எடுத்துக்கற? நம்பரைத்தான் சொல்றேன். எனக்கு இதான் கடைசி வருஷம். உனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. வீட்டுக்கு ஒரு வேலை வருது. அது யார் பேர்ல வந்தா என்ன?”

“அதைத்தாங்க நானும் கேக்கறேன். என் பேர்ல வந்தா என்ன?”

இதற்கு அவரிடம் விதி எதுவும் இல்லை. ஆனாலும், கொள்கைக்கு முன்னால் மனைவி என்ன, மக்கள் என்ன? தன் வீட்டுக் குறையை மட்டும் மறைத்தால் ஊர் என்ன சொல்லும்? ஊருக்கு இது தெரியவே தெரியாது என்பது வேறு விஷயம். கடைசி நாளன்று, ‘உண்மை விரும்பும் ஒருவன்’ என்ற பெயரில் மூன்று பக்கம் எழுதிப் பெட்டியில் போட்டார். இதை மனைவியிடம் திருப்பி எழுதக் கொடுக்க முடியாதல்லவா? தன் கையாலேயே எழுதினார்.

சான்றிதழ் சரிபார்ப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் நீண்ட கூடத்தில் நடந்தது. ஆளுக்கொரு சான்றிதழ்க் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கான பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களையும் வரச் சொல்லியிருந்ததால் ஆட்சேபணையார் கடைசி பெஞ்சில் இருந்தார். முப்பதாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு மூன்று தாள்களை எடுத்தார். “உங்க மேல ஒரு மனு வந்திருக்கும்மா. மொட்டை மனுதான், ஆனா வந்துட்டா பார்த்துத்தான் ஆகணும். சிக்கல் என்னன்னா, நாங்க நாலு பேர் மாத்தி மாத்திப் பார்த்துட்டோம், ஒரு வரி படிக்க முடியலை. உங்க நம்பர் மட்டும்தான் தெரியுது. உங்களுக்கு ஏதாவது புரியுதா பாருங்க.”

‘புரியலைங்க’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். கடைசி பெஞ்சில் ஒருவர் கழுத்தை நீட்டினார்.

மனைவி மூன்று தாள்களையும் வாங்கி, வகுப்பில் கணக்கை வாசிக்கிற அதே குரலில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடங்கலே இல்லாமல் வாசித்தார். ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி, “விதி எண் தப்பா போட்டிருக்காருங்க, இது ஆறு இல்லை, ஒன்பது” என்று திருத்திவிட்டுத் தொடர்ந்தார்.

“இதுல சொல்லியிருக்கறது நிஜமாம்மா?”

“நிஜம்தாங்க. சேரும்போதே ஒரு தாள் பாக்கின்னு சொல்லித்தான் சேர்ந்தேன். நவம்பருக்குள்ள தேறணும்னு நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கிட்டாங்க. இதோ அந்தக் கடிதம்.”

கடிதம் நான்கு கைகள் மாறியது. நான்கு தலைகள் ஒன்றாகக் குனிந்து, ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ‘தகுதி உண்டு’ என்று எழுதி முத்திரை குத்திய அதிகாரி, கோப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: “அதெல்லாம் சரி, இந்தக் கையெழுத்தை எப்படிம்மா படிச்சீங்க?”

“பதினோரு வருஷமாப் படிக்கிறேங்க.”

கடைசி பெஞ்சுக்காரர் தன் கோப்பில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

வீடு திரும்பும்போது பேருந்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவருக்கு வேலை இல்லை; இனி என்றைக்கும் இல்லை. எட்டாவது நிறுத்தத்தில், மனம் புண்பட்டவரின் குரலில் ஆட்சேபணையார் கேட்டார்: “இப்படி ஒரு கடிதம் இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ?”

“சொல்லியிருந்தா, அதுல கையெழுத்துப் போட்டவருக்கு அதிகாரம் உண்டான்னு கேட்டிருப்பீங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் போனது. பிறகு மெல்ல,

“உண்டுதானே?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த அம்மாள் கடிதத்தை எடுத்து நீட்டியபோது, சேர்ந்துவிட்டுப் பிறகு தேறினால் அது எப்படிச் செல்லும், எந்த விதி அதை அனுமதிக்கிறது, அதிகாரி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாரோ என்று உங்கள் மனத்தின் ஓர் ஓரத்தில் ஓடியதா, இல்லையா?

நான் குறை சொல்லவில்லை. சும்மா கேட்கிறேன்.