ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு வீடு

மலாக்காவின் காஜா பெராங்கில் பிறந்து வாழ்ந்து செத்த அத்தனை பேரிலும் சும்மா உட்காரத் தெரியாத ஒரே மனிதர் கட்டம்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். சோறு தின்னும்போது இடது கை மேசையைத் தட்டும். தூங்கும்போது கால் கட்டைவிரல் ஆடும். தலையும் ஆடிக்கொண்டே இருந்ததால் முடி வெட்டுகிறவர் இரண்டு முறை காதைக் கீறிவிட்டு, "இனிமே உங்களுக்கு நான் கத்தி எடுக்க மாட்டேன்லா. கொலைக் கேசாயிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் கட்டம்.

நானும் என் அண்ணனும் குடியிருந்த வீட்டின் முன்னறையில் அவர் தங்கியிருந்தார். நிலம் அளக்கிற ஆபீசில் வரைபடம் வரைகிற வேலை. எனக்குத் தையல். என் மிஷினுக்கும் அவர் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். நான் மிஷினை மிதித்தால் அவர் அந்தப் பக்கம் பலகையைத் தட்டுவார். நான் நிறுத்திவிட்டுக் கத்துவேன்.

"கட்டம் அண்ணே! கைய வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"நீங்க மிதிங்க தங்கச்சி, நிறுத்தாதீங்க!"

இது ஒரு நாள் கதை இல்லை. மூன்று வருடம்.

தட்டினதோடு விட்டாரா? ஆபீசில் கழித்துப் போடுகிற கட்டம் போட்ட தாளைக் கொண்டுவந்து, கேட்கிற சத்தத்தை எல்லாம் அதில் வரைவார். அடி விழுந்தால் ஒரு கட்டம் கறுப்பு. விழாவிட்டால் வெள்ளை. உண்டு, இல்லை. மூன்றாவது பதிலே கிடையாது. பதினாறு எண்ணிக்கைக்கு நாலுக்கு நாலாக ஒரு சதுரம். மேல் மூலையில் ஆரம்பித்து ஓரமாகவே சுற்றி வந்து நடுவில் முடிப்பார். பிறகு ஒவ்வொரு கறுப்புக் கட்டத்துக்குள்ளும் அதே சதுரத்தைச் சிறிதாகப் போடுவார். அதற்குள்ளும் போடுவார். அதற்குள்ளும். கடைசிச் சுற்றுக்கு ஊசியில் மை தொட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி வைப்பார். அப்போதும் கால் ஆடும்.

"என்னத்துக்கு இந்த வேலை?" என்று கேட்டேன்.

"பாட்டு அப்பிடித்தான் இருக்கு தங்கச்சி. பெரிய தாளத்துக்குள்ள சின்னத் தாளம், அதுக்குள்ள அதவிடச் சின்னது. காதுக்குக் கேக்குது. கண்ணுக்குத்தான் யாரும் காட்டல."

கோயில் திருவிழாவில் தவில்காரர் பக்கத்தில் தாளோடு நின்று ஒவ்வொரு அடிக்கும் புள்ளி குத்தினார். தவில்காரர் பாதியில் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கோயில் தலைவரிடம் கத்தினார். "தலைவரே, என் தப்ப எண்ண ஆள் வெச்சிருக்கீங்களா? நான் ஊருக்குப் போறேன்!" அவரைச் சமாதானப்படுத்தித் திரும்ப வாசிக்க வைப்பதற்குள் சாமி வீதியில் அரை மணி நேரம் நின்றது. பக்கத்து வீட்டுக் கிழவி, தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டிப் பரம்பரை, மலாயில்தான் பேசுவாள். அவள் கட்டத்தைப் பார்த்தாலே "ஓராங் கீலா" என்று நெற்றியில் விரலைச் சுழற்றுவாள். பைத்தியக்காரன் என்கிறாள். அடுத்த நிமிடமே அவருக்குப் பலகாரமும் கொடுத்தனுப்புவாள்.

கட்டம் என்ற பெயர்தான் பெரிய தொல்லை. கட்டம் என்றால் நம் ஆட்களுக்கு ஜாதகம். காஜா பெராங்கில் கட்டம் பார்க்கிறவர் இருக்கிறார் என்று எவனோ கிளப்பிவிட்டான். பெண்ணைப் பெற்ற அம்மா ஒருத்தி வெற்றிலை பாக்கோடு வந்து நின்று, "சாமி, என் மவளுக்கு எப்பங்க கூடி வரும்?" என்றாள். இவர் மேசையில் இருந்த தன் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நாலாவது சுத்துல சறுக்குது" என்றார். அந்த அம்மா அழுதுகொண்டே போய் நாலாவதாக வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டாள். அந்தப் பையன் எங்கள் வாசலில் வந்து கத்தியபோது பதில் சொன்னது யார்? நான்.

ஜோசியத்தின்மேல் எனக்கு ஏற்கெனவே கடுப்பு. எனக்குச் செவ்வாய் தோஷமாம். மூன்று வீட்டார் என் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். செவ்வாய்க்கு என்மேல் என்ன கோபமோ தெரியாது. எனக்கு அதன்மேல் அதைவிடக் கோபம்.

அந்த வருடம்தான் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். மலாக்கா முழுக்கத் தோரணம். ஊர்க் கூடத்தில் கைவேலைக் கண்காட்சி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பொருளைக் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். கட்டம் எட்டு மாதமாக ஒரே ஒரு படத்தை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். ஆறு தாளைக் கிழித்துப் போட்டு ஏழாவது தாள். எந்தப் பாட்டு என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

"ஒரு தடவ சுவத்துல மாட்டணும் தங்கச்சி. இத ஜாதகம்னு சொல்லாம, ஒரே ஒரு ஆள் பார்த்திட்டு 'இது சத்தம்'னு சொல்லணும். அது போதும்."

வியாழக்கிழமை படம் முடிந்தது. சுருட்டி, என் பெட்டியிலிருந்து மஞ்சள் நூலை எடுத்துக் கட்டி, எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் வைத்தார். அதே அலமாரியில் அதே மஞ்சள் நூல் கட்டிய என் ஜாதகமும் இருந்தது. அன்று சாயங்காலம் என் அண்ணன் அவசரமாக வந்தான். செமாபோக்கில் நாலாவதாக ஒரு மாப்பிள்ளை வீடு. தரகர் வாசலில் நிற்கிறார். கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டான். பிரித்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே எந்த ஆம்பிளைக்கும் கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம் கட்டம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். என் கதவருகே வந்து நின்றார். கையில் என் ஜாதகம் விரிந்திருந்தது. முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"தங்கச்சி, இதுல பன்னண்டுதான் இருக்கு. மீதி எங்க?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அண்ணன் வேலையில் இருந்தான். இவரைத் தனியாக அனுப்பினால் அங்கேயும் ஏதாவது சறுக்குது என்று சொல்லிவிட்டு வருவார். கல்யாணம் பேசுகிற வீட்டுக்குப் பெண் தானே போய் நிற்பது எந்த ஊர் வழக்கம்? போகட்டும் என்று செருப்பை மாட்டினேன். பஸ்ஸில் அவர் உட்காரவில்லை. கம்பியைத் தட்டினார், கண்டக்டரின் டிக்கெட் பெட்டியைத் தட்டினார், கடைசியில் கண்டக்டரின் தோளையே தட்டினார். "அண்ணே, நான் தவில் இல்லண்ணே" என்றான் அவன்.

மாப்பிள்ளையின் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணே வந்திருக்கிறாளே என்று முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். ஓடிவந்து நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"வாம்மா, உக்காரும்மா. ஜோசியர் நேத்தே பார்த்திட்டாரு. கண்ணுல பூ விழுந்தவரு, ஆனா பெரிய ஆளு. அறுவது வருசத்துல இப்பிடி ஒரு கட்டம் பார்த்ததில்லையாம். வீட்டுக்குள்ள வீடாம், அந்த வீட்டுக்குள்ள வீடாம்!"

"செவ்வாய்?" என்றேன்.

"அத்தன வீட்டுல அது எந்த வீட்டுல இருக்குன்னு தேட முடியல, விட்டுத் தள்ளுங்கன்னுட்டாரு. என் மவன் ராத்திரி உக்காந்து எண்ணினான். ஆயிரத்து எழுநூத்தி இருவத்தெட்டு வீடு!"

கட்டத்துக்குப் பொறுக்கவில்லை. "மூணாவது சுத்தோட நிறுத்திட்டாரு உங்க மவன். மொத்தம் இருவதாயிரத்து எழுநூத்தி முப்பத்தாறு" என்றார்.

பெரியவர் எனக்குத் துடைத்துப் போட்ட நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எல்லாம் வாடகைக்கு விட்டிருக்கீங்களாம்மா? உஜோங் பாசிர் பக்கமா?" என்றார்.

அப்போதுதான் அவர் எந்த வீட்டைச் சொல்கிறார் என்று விளங்கியது.

"ஐயா, எங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு வீடு. அதுவும் வாடகை வீடு. மழை பெஞ்சா அடுப்பு மேல ஒழுகும். நீங்க வெச்சிருக்கிறது இவரு வரைஞ்ச படம். என் ஜாதகம் இந்தா இருக்கு, செவ்வாயோட" என்று என் தாளை மேசையில் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி சாமி அறையிலிருந்து தாம்பாளத்தில் படத்தைக் கொண்டுவந்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

கட்டத்தின் கை நின்றது. கால் நின்றது. தலை நின்றது. மூன்று வருடத்தில் அந்த மனிதர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். பயந்துவிட்டேன். அவரை எதிர்பார்த்துப் பயனில்லை என்று நானே தாளை எடுத்தேன்.

எட்டு மாதமாக அதைத் திட்டியிருக்கிறேனே தவிர ஒழுங்காகப் பார்த்ததில்லை. மேல் மூலையிலிருந்து அவர் வரைகிற மாதிரியே ஓரமாகக் கண்ணை ஓட்டினேன். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. சுற்றி வரப் பன்னிரண்டு. நடுவில் நாலு வெள்ளை. மறுபடி பன்னிரண்டு. என் வலது கால் தரையில் தானாக மிதிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு மிதி, நாலு எண்ணிக்கைக்கு நிறுத்தம்.

"இது என் மிஷின்!" என்றேன். "இது என் மிஷின் சத்தம்ணே!"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்போ நடுவுல இந்த வெள்ளை?"

"அது நீங்க நிறுத்திட்டு என்னத் திட்டுற இடம் தங்கச்சி."

"எத்தன திட்டு இருக்கு இதுல?"

"பெரிசு ஒண்ணு. அதச் சுத்திப் பன்னண்டு. அப்புறம் நூத்தி நாப்பத்தி நாலு. அப்புறம்…"

"போதும், வாயை மூடுங்க!" என்று அந்த வீட்டிலேயே இன்னொன்றும் திட்டினேன். சம்பந்தம் எப்போது முறிந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. அந்த இடமாகத்தான் இருக்க வேண்டும்.

வெளியே வரும்போது மணி நாலேகால். பஸ் உடனே கிடைத்தது. ஐந்துக்குள் ஊர்க் கூடத்துக்குப் போய்விடலாம். கூடத்து வாசலில் பஸ் நின்றபோது, "இறங்குங்க, இறங்குங்க" என்று தள்ளினேன். இந்த மனிதர் அப்போது பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூலைக்கு மூலை மஞ்சள் விழுந்திருச்சு. வெளிய விழுந்தா உள்ள இருக்கிற ஒவ்வொரு மூலைக்கும் விழணும். இல்லேன்னா படம் பொய்யாயிடும்."

"எட்டு மாசம்ணே! அஞ்சு மணிக்குக் கதவ மூடிருவான்!"

"ஒரு ஆள் சொன்னா போதும்னேன். நீங்க சொல்லிட்டீங்களே."

பஸ் புறப்பட்டது. நான் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். ஊரே பாடாங் திடலில் கூடி மெர்டேக்கா என்று கத்தியபோது எங்கள் முன்னறையில் அவர் ஊசியும் கையுமாக மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் ஆபீசில் அவரைக் குவாந்தானுக்கு மாற்றிவிட்டார்கள். போனவர் போனவர்தான். அலமாரியில் அந்தச் சுருள் இருந்தது. மஞ்சள் நூல், கடைசிப் புள்ளி வரை மஞ்சள். மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று அண்ணன் சொன்னான். இருபதாயிரம் புள்ளியில் ஒன்றைக்கூட மறக்காதவர் ஒரு தாளை மறப்பாரா? என் அண்ணனுக்கு எப்போது என்ன விளங்கியிருக்கிறது! பிறகு எனக்குச் செவ்வாய் பார்க்காத மாப்பிள்ளை ஒருவர் கிடைத்தார்.

இப்போது என் அண்ணன் மகள் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டைப் போட்டால் அதிலிருந்து படம் வருகிறது. பெரிதாக்கப் பெரிதாக்க உள்ளே அதே படம். "பாருங்கத்தே, எவ்ளோ புதுசு!" என்கிறாள். புதுசாம். நான் அலமாரியைத் திறந்து சுருளைப் பிரித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரோட ஜாதகம் அத்தே?" என்று கேட்டாள்.

மிஷின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மோட்டார் வைக்கச் சொன்னார்கள், நான் விடவில்லை. உட்கார்ந்து மிதித்தால் பன்னிரண்டாவது மிதியில் கால் தானாக நிற்கிறது. நாலு எண்ணும் வரைக்கும் காத்திருக்கிறேன். திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.