மருதாயி லாயத்து முள்கம்பி

ஒரு காட்டில், சிங்கத்தைவிடப் படிவத்துக்கே அதிகம் பயப்படுகிற ஒரு காட்டில், மருதாயி என்ற குதிரை அரசு லாயத்தில் குடியிருந்தது. ராஜாவின் தபால் மூட்டைகளைச் சுமப்பது அதன் வேலை. பிறந்து இருபது நாளான குட்டியும் கூட இருந்தது. லாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பழைய வேலியிலிருந்து அறுந்த முள்கம்பி ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. சரியாகக் குட்டியின் கண் உயரம். பார்க்கும்போதெல்லாம் மருதாயி குட்டியை மறுபக்கம் தள்ளி நிறுத்தியது.

புகார் கொடுக்கப் போனது. லாயப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு மரநாய். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நேர்ல எல்லாம் வாங்குறதில்லம்மா. போன்ல போட்டோ எடுத்து அனுப்பு."

குளம்பால் எத்தனை முறை தொட்டாலும் போன் மசியவில்லை. நாலாவது முறை கண்ணாடிதான் நொறுங்கியது. கடைசியில் பக்கத்து மரத்துக் குரங்கு தன் போனில் படம் எடுத்து அனுப்பிக் கொடுத்தது. 'தங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று அடுத்த நொடியே பதில் வந்தது. அதற்குப் பிறகு பதினைந்து நாள் மூச்சுப் பேச்சே இல்லை.

மருதாயி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. பிறகு உதடு கிழியக் கிழியக் கம்பியைப் பல்லால் இழுத்துக் கழற்றி, வெளியே புதரில் வீசியது. மூளையுள்ள எந்தத் தாயும் செய்கிற காரியம்தான். அங்கேதான் மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலையிலேயே ஆய்வாளர் வந்து நின்றார்.

"போட்டோவுல கம்பி இருக்கு. இங்க காணோமே?"

"நானே எடுத்துப் போட்டுட்டேங்க ஐயா."

"யாரக் கேட்டு எடுத்த? கம்பி இல்லன்னா இது பொய்ப் புகார். பொய்ப் புகார் குடுத்தவங்களுக்கு லாயம் கிடையாது. நாளைக்கே காலி பண்ணு."

வெளியே சிறுத்தைகள் நடமாடுகிற காடு. குட்டியை வைத்துக்கொண்டு எங்கே போவது? மருதாயி புதருக்குப் போய்க் கம்பியைத் தேடி எடுத்துவந்து பழைய இடத்திலேயே செருகியது. ஆய்வாளர் படத்தையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு விரக்கடை நீட்டிக்கிட்டு இருக்கணும்மா. போட்டோவுல அப்படித்தான இருக்கு?"

மருதாயி நீட்டிவிட்டது.

"ஆங், இப்பதான் உன் புகார் உண்மை!" ஆய்வாளருக்கு ஒரே பூரிப்பு. கம்பி நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டினார். 'ஆபத்து! அகற்றும் குழு வரும்வரை தொடாதீர்' என்று பெரிய பலகை ஒன்றை மாட்டினார். பலகையோடு தன்னையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பிற்பகல் தபாலுக்கு அழைப்பு வந்தது. மருதாயி லீவு கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. தொட்டிப் பக்கம் போகாதே என்று குட்டியிடம் ஆயிரம் முறை சொல்லிவிட்டுப் போனது. காற்றில் படபடக்கிற சிவப்பு ரிப்பனை முகர்ந்து பார்க்காத குட்டி எந்தக் காட்டில் இருக்கிறது?

திரும்பிவந்தபோது குட்டியின் இடது கண் போயிருந்தது. மருதாயி கதறிய கதறலில் காடே கூடிவிட்டது. ஆய்வாளரும் வந்தார். பலகை நேராக இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்.

"இவ்ளோ பெரிசா எழுதி வச்சிருக்கே," என்று அலுத்துக்கொண்டார். "குட்டிக்கு நாலெழுத்து கத்துக்குடுத்திருக்க வேணாமா?"

நீதி: ஆபத்தை நீங்களே அகற்றிவிடாதீர்கள், அதிகாரி வந்து பார்வையிடும்போது அவருக்குக் காட்ட ஏதாவது மிச்சமிருக்க வேண்டும்.