கோடித் துணிக்குள் அடித்த மணி

பறை ஓய்ந்து, அழுதவர்களும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நெடுமாறனின் கைக்கடிகாரம் மணி அடிக்கத் தொடங்கியது.

பக்கவாட்டில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளினால், அப்போதைய நேரத்தை மணியடித்துச் சொல்லும் கடிகாரம் அது. கோடித் துணி வைத்து அவன் ஏந்தியிருந்த தாம்பாளம் இடித்துத் தாழ்ப்பாள் தள்ளிக்கொண்டது. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. உச்சிவேளை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இருப்பதிலேயே அதிகமாக அடிக்கிற வேளை.

செஞ்சியில் ரைஸ் மில் வைத்திருக்கும் நெடுமாறனின் இந்தப் பித்து ஊரில் யாருக்கும் தெரியாது. மில் லாக்கருக்குள் பேட்டரி இல்லாமல் ஓடும் அபூர்வக் கடிகாரங்கள் இருந்தன. ஒன்று வளர்பிறை தேய்பிறை காட்டும். இன்னொன்றுக்கு லீப் வருஷம் தெரியும். மணி அடிப்பதை மட்டும் விட்டுப் பிரிய மனமில்லாமல் கட்டிக்கொண்டு திரிந்தான். மிஷின் வாங்கியபோது கம்பெனிக்காரன் சும்மா கொடுத்தது என்று மனைவி அமலாவிடம் சொல்லியிருந்தான். அவளும் அதை நம்பி, தன் வீட்டுக்காரருக்கு ஆடம்பரமே பிடிக்காது என்று சொந்தக்காரர்களிடம் பெருமை பேசுவாள். அப்போதெல்லாம் அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பான்.

இன்று இறந்து கிடந்தவர் அமலாவின் பெரியப்பா துரைக்கண்ணு. சாவு வீட்டில் மணியோசை கேட்டதும் எல்லோரும் திரும்பினார்கள். செல்போன் என்று முணுமுணுத்தான். பெரியவர் தனகோட்டி அதை அணைக்கச் சொல்லி அதட்டினார். இன்னொரு முறை அடித்தால் மானம் போய்விடும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக் கடிகாரத்தைக் கழற்றினான். வெள்ளைச் சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியும். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று கோடித் துணியின் மடிப்புக்குள் செருகினான். அவன் கையை எடுப்பதற்குள் தனகோட்டி துணியை வாங்கிப் பிணத்தின் மேல் போர்த்திவிட்டார்.

நான்கு பேர் சேர்ந்து துரைக்கண்ணுவைப் பாடைக்குத் தூக்கியபோது, அவர் நெஞ்சிலிருந்து மணி அடித்தது.

தலைமாட்டில் பிடித்திருந்தவன் கையை விட்டுவிட்டான். உயிர் இருக்குது என்று ஒருத்தி அலறினாள். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் தனகோட்டிதான் துணியைத் துழாவிக் கடிகாரத்தை வெளியே எடுத்தார்.

"யாருதுப்பா இது?"

அமலா அவனைப் பார்த்தாள். மாமா கையில் கட்டி அனுப்பலாம் என்று தான்தான் வைத்ததாகச் சொன்னான்.

கூட்டம் நெகிழ்ந்துபோனது. தனகோட்டி அவன் தோளைத் தட்டிவிட்டு, கடிகாரத்தைத் துரைக்கண்ணுவின் கையில் கட்டினார். சும்மா வந்த வாட்ச்சாக இருந்தாலும் கட்டியிருந்ததையே கழற்றிக் கொடுக்க ஒரு மனசு வேண்டும் என்று அமலா பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாடையைத் தூக்கினார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். நெடுமாறனால் தாங்க முடியவில்லை. வாசலை மறித்து நின்றான்.

"எறக்குங்க. அது சும்மா வந்தது இல்ல." பாடையைப் பிடித்துக்கொண்டான். "போன தை மாசம் வெளிநாட்டு ஏலத்துல எடுத்தது. மணி அடிக்கிறது அது ஒண்ணுதான் வந்துச்சி. அனந்தபுரத்து நெலத்த வித்த காசு, மில்லுக்குப் போகல அமலா. இதுக்குத்தான் போச்சி."

அமலாவின் முந்தானை கையிலிருந்து நழுவியது. எல்லாக் கண்களும் அவன் மேல் இருந்தன. பிணத்தின் கையிலிருந்து வாட்ச்சைக் கேட்டு நிற்கிறவனை எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த துரைக்கண்ணுவின் மனைவி விருத்தாம்பாள் மெல்ல எழுந்து வந்தாள்.

"அந்த ஏலத்துல எங்க வூட்டுக்காரர முந்துனது நீதானா? அது கைய வுட்டுப் போச்சேன்னு படுத்தவருதான் தம்பி, எந்திரிக்கவே இல்ல. அவரு கையிலயே இருக்கட்டும், வுடு."