நாற்பது நிமிட வரைபடம்

மனைவியைக் காலை நேரத்தில் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுவது என்று அவர் தீர்மானித்துவிட்டார். எதற்காக என்பது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் போட்டவர். ஊரில் எந்தச் சுவர் எந்தச் சுவரோடு சண்டை போடுகிறது என்பது வரை அத்துப்படி. ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. தினமும் ஒன்பது மணிக்கு மனைவி பையை எடுத்துக்கொண்டு பழைய நகரத்துக் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்குத்தான் திரும்புவாள். அந்த மூன்று மணி நேரமும் வீடு அவரைத் தின்றது. செய்தித்தாளில் 'காணவில்லை' விளம்பரம் வரை படித்தாயிற்று. ஃப்ரிட்ஜ் உறுமினால்கூட "என்ன?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். தனியாக இருக்க முடியவில்லை என்று கட்டிய மனைவியிடம் வாய்விட்டுச் சொல்வதா? மீசை என்னத்துக்கு ஆகும்?

"நாலு வெங்காயம் வாங்க மூணு மணி நேரமா?" என்று ஆரம்பித்தார்.

"வெங்காயம் ஒரு தெருவுல, எலுமிச்சம்பழம் ஒரு தெருவுல, பொத்தான் ஒரு சந்துல. சுத்தித்தானே வரணும்?"

"உனக்குச் சுத்தத் தெரியல. நான் வழி போட்டுத் தரேன். நாப்பது நிமிஷத்துல வீட்டுல இருப்ப."

"இருந்து?"

"இருந்து... இருப்ப."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவளின் பார்வை. உள்ளே போனாள்.

தொழில் தெரிந்த மனிதர் அல்லவா, கூட்டத்தில் அளவு நாடா பிடிக்க முடியாது என்று கடைகளின் வார விடுமுறை நாளாகப் பார்த்து அளக்கப் போனார். பழைய மதில் வாசலிலிருந்து கயிற்றுக்கடைச் சந்து வரை ஈ காக்கை இல்லை. நாடாவின் ஒரு முனையில் கல்லை வைத்துவிட்டு மறுமுனைக்கு ஓடினார். வேலையில் இருந்தபோது மறுமுனையைப் பிடிக்க ஆள் இருந்தது. வெங்காயத் தெருவும் பொத்தான் சந்தும் பன்னிரண்டு அடி அகலம் என்று குறித்துக்கொண்டபோது மனசு கொஞ்சம் தெம்பானது. மூன்று நாள் உட்கார்ந்து, திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் சிவப்பு அம்புக்குறி போட்டு, படத்தை மனைவி முன்னால் விரித்தார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா எனக்குப் படம் பார்த்துப் போகத் தெரியாதே."

"இதுல தெரிய என்ன இருக்கு? சின்னப் பிள்ளைகூடப் போயிட்டு வரும்."

"அப்ப நாளைக்கு நீங்களே போயிட்டு வந்துடுங்க. நாப்பது நிமிஷம்தானே?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். ஆனால் மனுஷர் சளைக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்குத் திரும்பிவிட்டால் அப்புறம் அவளும் வீட்டில், தானும் வீட்டில். எப்படிப் பார்த்தாலும் லாபம் என்று மறுநாள் படமும் பையுமாகக் கிளம்பினார்.

படத்தில் பன்னிரண்டு அடி இருந்த வெங்காயத் தெருவில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடிக்குக் கடை இறங்கி உட்கார்ந்திருந்தது. மிச்சம் இரண்டடி. அதிலும் எதிரே ஒரு தள்ளுவண்டி. நாற்பதாவது நிமிடத்தில் அவர் இன்னும் முதல் அம்புக்குறியைத் தாண்டவில்லை.

"நீங்க அக்கா வீட்டுக்காரர்தானே?" என்றாள் வெங்காயக்காரம்மா. "மூச்சு வாங்குதே, இப்படி உட்காருங்க. என்ன வேலை பார்த்தீங்க?"

அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு மூன்று மாதம் ஆயிற்று. எலுமிச்சம்பழக்காரர் எழவே விடவில்லை. பொத்தான் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, படத்தை விரித்து, பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டார். "நம்ம சந்து இவ்வளவு அகலமா? நாங்க பார்த்ததே இல்லையே சார்." பேசினார், பேசினார், அணை திறந்த மாதிரி பேசினார். உலகத்தில் தனக்கும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

"சரி, கிளம்பறேன். பாவம், அவ வீட்டுல தனியா இருப்பா," என்று எழுந்தார்.

பொத்தான் கடைக்காரர் பதறிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்குள்ளயா? இன்னும் அரை மணி நேரம் இருங்க சார். பன்னெண்டு வரைக்கும் உங்களைப் பேச வச்சுக்கச் சொல்லி அக்கா நேத்தே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனாங்க."

"எதுக்காம்?"

"தன் வீட்டுல நிம்மதியா தனியா உட்கார முடியாம மூணு மாசம் ஆச்சாம். அதனாலதானே தினமும் இங்க வந்து இந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தாங்க."

அவர் ஸ்டூலைப் பார்த்தார். வீட்டுத் திசையைப் பார்த்தார். மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

"மலையை எப்படி அளப்போம்னு சொன்னேனா?"

"ரெண்டு தடவை சொல்லிட்டீங்க சார். பரவாயில்ல, சொல்லுங்க."