கல்யாணத்துக்குக் கமர்கட் வந்த கதை

ஒரு மனுஷன் பெரிய ஆளாகிவிட்டால், நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து பேசாமல் அவனால் இருக்க முடியாது. அது ஒரு வியாதி. எனக்கு அது பெரிய ஆளாவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

மூணாம் கிளாஸோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு இந்தத் தீவுக்குக் கப்பலேறியவன் நான். மண் சுமந்தேன், மேஸ்திரி ஆனேன், காண்ட்ராக்டர் ஆனேன். இன்றைக்கு அபர்டீன் பஜாரில் என் பேரைச் சொன்னால் போதும், ஆட்டோக்காரன் என் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவான். (காசு வாங்கிக்கொள்வான். அது வேறு.) அப்பேர்ப்பட்ட நான், ஒரு கல்யாணத்தைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

அறுபதுகள் அது. ஷாதிபூரில் நானும் ஞானமுத்துவும் ஒரே அறையில் குடியிருந்தோம். அவன் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவன். மர மில்லில் வேலை. ஊரில் பேசி முடித்த பெண் எஸ்தர். இவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று பெண் வீட்டாரே கப்பலேறி வந்தார்கள். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வழியெல்லாம் வாந்தியெடுத்தவர், தரையில் கால் வைத்ததும் என்னைத் தனியாக ஒதுக்கினார்.

"தம்பி, உண்மையச் சொல்லணும். இங்கன வந்த ஆம்பளைங்க ஏற்கெனவே ஒரு குடும்பம் வச்சிருப்பாங்கன்னு ஊர்ல பேசுதாங்க. மாப்பிள்ளைக்கு அப்படி ஏதும் உண்டுமா?"

"சோறு பொங்கவே தெரியாதவனுங்கய்யா. அவன் எங்க குடும்பம் வைக்கப் போறான்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சின்னதா ஒரு பேச்சு காதுல விழுந்தாலும், இதே கப்பல்ல பிள்ளையத் திரும்பக் கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்கிடுங்க."

இதை நான் போய்ச் சொல்லக் கேட்ட ஞானமுத்துவுக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை. இங்கே அவனுக்கு உறவென்று இருந்தது நான் ஒருத்தன்தான். அதனால் கோயில் வழக்கம் ஒவ்வொன்றுக்கும் எனக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தான். (சர்ச்சை அவர்கள் கோயில் என்பார்கள், பாதிரியாரை ஐயர் என்பார்கள்.) மோதிரம் வட்டமாக இருப்பது, அன்புக்கு முடிவில்லை என்பதற்காம். வெள்ளைச் சேலை மனசுத்தத்துக்காம். தலையில் போடும் நெட்டு என்கிற வலைத்துணி முக்காடு அடக்கத்துக்காம்.

"அப்புறம் ஐயரு சபையப் பாத்து ஒரு கேள்வி கேப்பாரு. அப்ப நீ என்ன செய்யணும்னா…"

"எல்லாம் தெரியும்யா. நான் பாக்காத கல்யாணமா!" (அதற்கு முன் கோயிலுக்குள் கால் வைத்ததே கிடையாது.)

கல்யாணத்தன்று மில் ஆட்கள் மொத்தமும் வந்திருந்தார்கள், பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று. நான் முதல் பெஞ்சில், மாப்பிள்ளையைவிட விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஐயர் கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவன். 'ஆட்சேபணை இல்லை' என்று ஒருத்தர் சொன்னால்தான் ஃபைல் நகரும். யாரும் சொல்லாத ஃபைலைக் கரையான்தான் தின்னும். பாவம் ஞானமுத்து, அவனுக்காகச் சொல்ல இத்தனை கூட்டத்தில் ஓர் ஆள் இல்லையே!

எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். "ஐயா, நான் ஒரு வார்த்தை சொல்லணும்."

ஐயர் புத்தகத்தை மூடினார். பின் பெஞ்சில் ஒருவர் "க்யா ஹுவா?" என்றார். "பஹ்லி பீவி ஹோகி" என்றார் இன்னொருவர். (என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, முதல் சம்சாரம் இருக்குமாம்!)

நான் அசரவில்லை. "மாப்பிள்ளையோட வருஷக்கணக்கா ஒரே ரூம்ல இருக்கேன். எனக்குத் தெரியாத ரகசியம் அவன்கிட்ட கிடையாது. வேணும்னா பெரார்கஞ்சுல போயி விசாரிச்சுப் பாருங்க…"

வாத்தியார் எழுந்துவிட்டார். "பெரார்கஞ்சுல யாருவே இருக்கா?"

"அங்க ஒரு அம்மா இருக்குங்க. இவன்னா அதுக்கு உசிரு." (அந்த அம்மாவின் கூரையை இவன் சும்மாவே மாற்றிக்கொடுத்தான். நல்ல பேர் வாங்கித்தரலாம் என்று ஆரம்பித்தேன். வயசை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.)

வாத்தியார் மகளின் கையைப் பிடித்துவிட்டார். "எஸ்தரு, வா. கப்பல் நிக்குது." ஞானமுத்துவின் முகம் அவன் வேட்டியைவிட வெளுத்திருந்தது.

"ஆட்சேபணை என்னன்னு சொல்லும்!" என்று ஐயர் அதட்டினார்.

"ஆட்சேபணையா? ஆட்சேபணை இல்லைன்னு சொல்லத்தானய்யா எந்திரிச்சேன்!"

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, இங்க பேசாம இருக்கதுதான் சம்மதம். அந்த அமைதிதான் சபையோட சாட்சி."

வாத்தியார் கையை விடவில்லை. "அந்த அம்மா யாரு? அதச் சொல்லச் சொல்லுங்க."

"பல்லு போன பெங்காலிக் கிழவிங்கய்யா! எழுபது வயசு!" என்று அலறினேன்.

அப்போது முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. (ஆமாம், அடக்கத்துக்கு அடையாளமான அதே முக்காடுதான்.)

"அப்பா, கைய விடுங்க. அந்தக் கப்பல்ல இன்னொருக்க வாந்தியெடுக்க என்னால ஆகாது. அண்ணே, நீங்க உக்காருங்க. உக்காந்து வாய மூடுங்க."

நான் உட்கார்ந்தேன். வாத்தியாரும் உட்கார்ந்தார். கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றிலும் எனக்கு முதல் பெஞ்சுதான். ஐயர் அந்தக் கேள்விக்கு வரும் முன்பே எஸ்தர் பக்கத்தில் வந்து என் வாயில் ஒரு கமர்கட்டைப் போட்டுவிடுவாள். (இப்போது பல்செட் என்பதால் பிடி இன்னும் கெட்டி.) எங்களுக்கும் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்க, பெஞ்சு பெஞ்சாகக் கமர்கட் போக ஆரம்பித்தது. போன தடவை எஸ்தரின் பேத்தி கல்யாணத்துக்கு, மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த இளம் ஐயர் இதைப் பார்த்துவிட்டு, தீவுச் சபையின் பழைய வழக்கம் என்றே நினைத்துக்கொண்டார். பிரசங்கத்தில் அர்த்தமும் சொன்னார். இனிப்பு அன்புக்கு அடையாளமாம். சீக்கிரம் கரையாதது பொறுமைக்கு அடையாளமாம்.

அதற்கு அர்த்தம் நான்தான் என்று எழுந்து சொல்லப் பார்த்தேன். எழுந்துவிட்டேன். வாய்தான் திறக்கவில்லை.